சுவருக்குள்ள போற பைப்பை நீயே பார்த்து வாங்கு, தங்கச்சி

அரக்கோணத்துல வீடு கட்டுற தங்கச்சி, டைல்ஸுக்குக் கடை கடையா ஏறி இறங்குற. வாசக்கால் தேக்கா வேம்பான்னு சொந்தக்காரங்களையெல்லாம் கேட்கிற. தண்ணி பைப்னு வந்தா மட்டும் "அது பிளம்பர் பார்த்துக்குவார்"னு விட்டுடற. டைல்ஸ் பிடிக்கலைன்னா பத்து வருஷம் கழிச்சு மாத்திக்கலாம். சுவருக்குள்ள போன பைப் கசிஞ்சா, அந்த டைல்ஸை உடைச்சுத்தான் உள்ளே போகணும். அதனால பைப் வாங்குற அன்னிக்கு நீயும் கடைக்குப் போ. என்ன கேட்கணும், எதைப் பார்க்கணும்னு அக்கா சொல்றேன்.

நம்ம பக்கத்துக்குன்னு ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்ணு வெயில். வேலூர், அரக்கோணம் பக்கம் கோடையில 40 டிகிரியைத் தாண்டுறது சாதாரணம். மத்தியானம் மொட்டை மாடி பைப்பைத் தொட்டா கை சுடும். இன்னொண்ணு போர் தண்ணியில இருக்கிற உப்பு. பழைய வீடுகள்ல ஓடுன ஜிஐ இரும்புக் குழாயை வெட்டிப் பார்த்தா, உள்ளே துருவும் உப்பும் ஏறி சுண்டு விரல் நுழையற அளவுதான் ஓட்டை இருக்கும். அந்தத் தொல்லை பிளாஸ்டிக் பைப்ல இல்லை, துருப் பிடிக்காது. ஆனா கடையில "பிளாஸ்டிக் பைப் குடுங்க"ன்னு கேட்டு வாங்குற பொருள் இல்லை இது. யுபிவிசி, சிபிவிசி, பிபிஆர், எச்டிபிஇன்னு நாலஞ்சு வகை இருக்கு. ஒண்ணு செய்யற வேலையை இன்னொண்ணு செய்யாது.

எந்த இடத்துக்கு எது

தண்ணி வர்ற வழியிலயே போவோம். போர் போட்டாச்சுன்னா மேல்பக்கம் மண் சரியாம இறக்குற கேசிங் பைப் ஐஎஸ் 12818 முத்திரை உள்ளதா இருக்கணும். விலை குறையுதுன்னு சாதாரண விவசாய பைப்பை கேசிங்கா இறக்க விடாதே. மண் அழுத்தத்துல அது நசுங்கினா போரே போச்சு.

மோட்டார்ல இருந்து மாடித் தொட்டிக்கு ஏறுற லைன்ல ஒரு சின்னக் கணக்கு தெரிஞ்சிருக்கணும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். உன் தொட்டி தரையில இருந்து 8 மீட்டர் மேல இருந்தா, தொட்டியில இருந்து கீழே இறங்குற தண்ணிக்கு முக்கால் கிலோ சொச்சம்தான் அழுத்தம். அந்த இறங்குற லைனுக்கு 6 கிலோ பைப்பே தாராளம். மோட்டார் லைன் அப்படி இல்லை. யாராவது வால்வை மூடி வச்சிட்டு மோட்டாரைப் போட்டா, ஆழ்போர் மோட்டார் 6 கிலோ, 10 கிலோன்னு அழுத்தத்தை ஏத்திடும். அதனால ஏறுற லைனுக்கு 10 கிலோ பைப் இல்லைன்னா கனமான ஷெட்யூல் 80 யுபிவிசி போடு. அந்த லைன்ல தொட்டி பக்கத்துல மூடுற வால்வே வைக்க வேண்டாம்.

இங்கதான் வெயில் கணக்குல வருது. பைப் மேல 6 கிலோ, 10 கிலோன்னு போட்டிருக்கிறது 27 டிகிரி சூட்டுக்கான கணக்கு. சூடு ஏற ஏற யுபிவிசி இளகும். 43 டிகிரியில அதோட பலம் பாதியாயிடும். ஐஎஸ் 4985 யுபிவிசி பைப்புக்கு 45 டிகிரிதான் எல்லை. நம்ம ஊர் மொட்டை மாடியில சித்திரை வெயில்ல அந்த எல்லையை பைப் சும்மா இருந்தே தொட்டுடும். மாடியில ஓடுற யுபிவிசி ரெண்டு கிளாம்ப்புக்கு நடுவுல தொட்டில் மாதிரி தொங்குறதுக்கு இதுதான் காரணம். கிளாம்ப்பை நெருக்கமா அடிக்கச் சொல்லு. வெயில் படுற பைப் எல்லாத்துக்கும் வெளிர் நிற எமல்ஷன் பெயிண்ட் ரெண்டு கோட் அடி. எனாமல் வேண்டாம், அதுல இருக்கிற தின்னர் பைப்புக்கு ஆகாது. பெயிண்ட் இல்லாம விட்டா வெயில்பட்டு மேல்பக்கம் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகி, பிறகு கை பட்டாலே உடையும்.

குளியலறைக்கு சிபிவிசிதான். அதுவும் பிவிசி குடும்பம்தான், ஆனா கூடுதலா குளோரின் ஏத்துனது. அதனால 93 டிகிரி வரைக்கும் தாங்கும். அதுக்கும் சூட்டுல பலம் குறையத்தான் செய்யும். எஸ்டிஆர் 11 பைப் 23 டிகிரியில 28 கிலோ தாங்கும், 82 டிகிரியில 7 கிலோதான். வீட்டுக்கு அதுவே நிறைய. எஸ்டிஆர்னா பைப்போட வெளி அளவை சுவர் கனத்தால வகுத்த எண். எண் சின்னதா இருந்தா பைப் கனமா இருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோ. சுடுதண்ணி லைனுக்கு எஸ்டிஆர் 11 வாங்கு, பச்சத்தண்ணிக்கு 13.5 போதும்.

சுடுதண்ணி லைனுக்கு மட்டும் சிபிவிசி போட்டுட்டு பக்கத்துல இருக்கிற பச்சத்தண்ணி லைனுக்கு யுபிவிசி போட்டா காசு மிச்சம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ரெண்டு பைப்பும் ஒரே காடியில ஒட்டி ஒட்டிப் போகுது. மிக்சர்லயும் டைவர்ட்டர்லயும் சுடுதண்ணி எதிர்பக்கம் ஏறுறதும் உண்டு. குளியலறைச் சுவருக்குள்ள போறது மொத்தமும் சிபிவிசியா இருக்கட்டும். சமையலறைக்கும் இப்பவே ஒரு சுடுதண்ணி லைன் இழுத்து வாயை டம்மி போட்டு அடைச்சு வை. நாளைக்கு வேணும்னா சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கீசர்ல இருந்து சிபிவிசியை நேரா திருகாதே. நடுவுல பின்னல் போட்ட மெட்டல் ஹோஸ் வேணும். கீசரோட வர்ற சேஃப்டி வால்வைக் கழட்டி ஓரமா வைக்கிற பழக்கம் சில இடத்துல இருக்கு. அதை நீ அனுமதிக்கவே கூடாது. தெர்மோஸ்டாட் பழுதானா சூடும் அழுத்தமும் வெளியே போக அது ஒண்ணுதான் வழி. மாடியில சோலார் ஹீட்டர் வைக்கிறதா இருந்தா இன்னும் கவனம். கண்ணாடிக் குழாய் வகை ஹீட்டர்ல நம்ம வெயிலுக்கு, தண்ணி எடுக்காத நாள்ல கொதிநிலையே வந்துடும். அங்கே சிபிவிசியோட 93 டிகிரி எல்லை பத்தாது. ஹீட்டர்ல இருந்து முதல் கொஞ்ச தூரம் உலோகக் குழாய்தான். ஏர் வென்ட்டும் மூடாம இருக்கணும்.

பிபிஆர், அதாவது பச்சை கலர்ல வர்ற தடிமனான பைப், அதுவும் நல்ல பொருள்தான். ஐஎஸ் 15801. அதுக்கு ஒட்டுற சொல்யூஷன் கிடையாது. 260 டிகிரியில மெஷின் வச்சு உருக்கி ஒட்டணும். ஒட்டுனா பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே துண்டாயிடும். ஆனா அந்த மெஷினும் அதுல கைப்பழக்கம் உள்ள ஆளும் உன் ஊர்ல கிடைக்கணும். நாளைக்கு ஒரு எல்போ மாத்தணும்னாலும் அவரேதான் வரணும். நம்ம பக்கம் எல்லா பிளம்பருக்கும் சிபிவிசி தெரியும், எல்லா ஹார்டுவேர் கடையிலயும் அதோட ஃபிட்டிங் கிடைக்கும். அதனால என் ஓட்டு சிபிவிசிக்கு. மண்ணுக்குள்ள நீளமா போற லைனுக்கு மட்டும் கருப்பு எச்டிபிஇ நல்லது. ஐஎஸ் 4984. சுருளா வர்றதால நடுவுல ஜாயிண்ட்டே இருக்காது.

கழிவுத் தண்ணிக்கு எஸ்டபிள்யூஆர் பைப், ஐஎஸ் 13592. அதுல டைப் ஏ மழைத்தண்ணிக்கும் வென்ட்டுக்கும், டைப் பி கக்கூஸ், குளியலறைக் கழிவுக்கு. டைப் ஏ மெலிசு, விலையும் கம்மி. பில்லுல எதைப் போட்டிருக்காங்கன்னு பாரு.

பைப் மேல இருக்கிற எழுத்து

பிராண்டு பேரை விட பைப் மேல அச்சடிச்சிருக்கிற வரிதான் முக்கியம். ஒரு லெங்த்தைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாரு. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் எண், அளவு, கிளாஸ் இல்லைன்னா எஸ்டிஆர், தயாரிச்ச பேட்ச், சிஎம்/எல்னு தொடங்குற லைசென்ஸ் எண் எல்லாம் இருக்கணும். அந்த லைசென்ஸ் எண்ணை உன் போன்ல பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்ததுன்னு வந்துடும். குடிதண்ணிக்கு யுபிவிசின்னா 4985, சிபிவிசின்னா 15778. எலெக்ட்ரிக் ஒயர் போற கண்ட்யூட் பைப்பை தண்ணிக்குப் போடறது, எஸ்டபிள்யூஆர் பைப்பை தொட்டி லைனுக்குப் போடறது எல்லாம் நடக்குது. இந்த எண் தெரிஞ்சா உன்னை யாரும் ஏமாத்த முடியாது.

எழுத்து இல்லாத பைப்பை நான் ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, பிவிசி சூட்டுல சிதையாம இருக்க தயாரிக்கும்போது ஒரு நிலைப்படுத்தி சேர்ப்பாங்க. அது பல காலமா ஈயக் கலவையா இருந்தது. ஈயம் தண்ணியில இறங்கினா குழந்தைங்க மூளை வளர்ச்சிக்கே கேடு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல இதுக்குன்னே தனி விதி கொண்டு வந்து, குடிதண்ணி பைப்ல ஈயத்தைக் கட்டுப்படுத்தியிருக்கு. முத்திரை இல்லாத, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்ல உருக்கின பைப்புக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறாங்க? "லெட் ஃப்ரீ"ன்னு அச்சு இருக்கான்னும் பார்த்து வாங்கு.

இன்னொரு விஷயம், பெரும்பாலான கசிவு இங்கதான் பிறக்குது. மில்லிமீட்டர் கணக்குல வர்ற பைப்போட அளவும் இஞ்ச் கணக்குல வர்ற பிளம்பிங் பைப்போட அளவும் வேற வேற. ஐஎஸ் 4985 பைப் 20, 25, 32 மில்லிமீட்டர்னு வெளி அளவுல வரும். ஷெட்யூல் 40, 80 பிளம்பிங் பைப்போ அரை இஞ்ச் 21.3 மில்லிமீட்டர், முக்கால் இஞ்ச் 26.7, ஒரு இஞ்ச் 33.4. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். 25 மில்லி பைப்பை முக்கால் இஞ்ச் எல்போவுல செருகினா லொடலொடன்னு ஆடும். அந்த இடைவெளியை சொல்யூஷன் ஊத்தி நிரப்பிடுவாங்க. கொஞ்ச நாளைக்கு நிக்கும். மோட்டார் ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் அந்த ஜாயிண்ட் அசைஞ்சு அசைஞ்சு ஒரு நாள் விட்டுடும். சிபிவிசி அளவு இன்னும் வேற, அரை இஞ்ச் பைப்போட வெளி அளவு 15.9 மில்லிமீட்டர்தான். பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையில வாங்குன்னு நான் அடிச்சுச் சொல்றது இதுக்காகத்தான்.

பைப் அளவுல கஞ்சம் பிடிக்காதே. தொட்டியில இருந்து இறங்குற மெயின் லைன் ஒண்ணேகால் இஞ்ச் இல்லைன்னா ஒரு இஞ்ச், குளியலறைக்குப் பிரியறது முக்கால், டேப்புக்கு மட்டும் அரை. மாடித் தொட்டி அழுத்தம் குறைவுன்னு மேல சொன்னேனே, அதை வச்சுக்கிட்டு முழுக்க அரை இஞ்ச்ல ஓட்டினா ஷவர்ல தண்ணி சொட்டும். அப்புறம் பிரஷர் பம்ப் வாங்க ஓடுவ.

ஜாயிண்ட்

பைப் உடைஞ்சு வீடு நனையறது அபூர்வம். ஜாயிண்ட் விட்டுத்தான் நனையும். பிளம்பர் வேலை செய்யும்போது ஒரு டம்ளர் மோரோட பக்கத்துல போய் நில்லு. குறை சொல்ல வேண்டாம், பார்த்துக்கிட்டிரு.

பைப்பை நேரா வெட்டணும். ஹேக்ஸா பிளேடால கோணலா வெட்டினா எல்போவோட அடி வரைக்கும் பைப் போய் உட்காராது. வெட்டின வாயில நிக்கிற பிசிறை உள்ளேயும் வெளியேயும் சுரண்டி எடுக்கணும். அது அப்படியே நின்னா ஒட்டும்போது சொல்யூஷனை வழிச்சுத் தள்ளிடும், பின்னாடி கழண்டு போய் ஷவர் வலையை அடைக்கும். ஈரம், மண் இல்லாம துடைச்சுட்டு முதல்ல சொல்யூஷன் இல்லாம செருகிப் பார்க்கணும். அப்புறம் பைப் மேல நிறைவா, ஃபிட்டிங் உள்ளே மெலிசா தடவணும். உள்ளே அதிகம் ஊத்தினா அது தேங்கி நின்னு பைப்பையே இளக்கும். செருகும்போது கால் சுத்து திருப்பி, அப்படியே அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். ஃபிட்டிங்கோட வாய் உள்ளே போகப் போக குறுகும், அதனால உடனே கையை எடுத்தா பைப்பைத் தானாவே வெளியே தள்ளும். அந்த அரை நிமிஷத்தை அவசரத்துல விட்டுடறதுதான் நான் பார்த்ததுலயே அதிகமா நடக்கிற தப்பு. சரியா ஒட்டினா விளிம்பைச் சுத்தி மெலிசா ஒரு சீரான வளையம் தெரியும். அந்த வளையம் எங்கேயாவது விட்டுப் போயிருந்தா அந்த ஜாயிண்ட்டை வெட்டி வேற போடச் சொல்லு.

சிபிவிசிக்கு சிபிவிசி சொல்யூஷன், யுபிவிசிக்கு அதோடது. ஒரே டப்பாவுல ரெண்டையும் ஒட்டக் கூடாது. டப்பாவுல காலாவதித் தேதி இருக்கும். கெட்டியாகி ஜெல்லி மாதிரி ஆயிட்டா தூக்கிப் போடணும், தின்னர் விட்டுக் கலக்கக் கூடாது. நம்ம ஊர் வெயில்ல இன்னொரு கஷ்டம், தடவி செருகுறதுக்குள்ள சொல்யூஷன் காய்ஞ்சிடும். மாடி வேலையைக் காலையில வச்சுக்கச் சொல்லு. பைப்பையும் வெயில்ல அடுக்காம நிழல்ல வை.

டேப், ஷவர் மாட்டுற மரை உள்ள இடத்துல எல்லாம் பித்தளை மரை வச்ச ஃபிட்டிங்தான் வேணும். வெறும் பிளாஸ்டிக் மரையில பித்தளை டேப்பை ஸ்பேனர் போட்டு இறுக்கினா முடி அளவு விரிசல் விழும். அது அன்னிக்குத் தெரியாது. மரைக்கு டெஃப்லான் டேப் சுத்தினா போதும். சணலும் பெயிண்ட்டும் வச்சு இறுக்கறது இரும்புக் குழாய் காலத்துப் பழக்கம், சிபிவிசிக்கு அந்த எண்ணெய்ப் பெயிண்ட் ஆகாது. கரையான் மருந்து அடிக்கிறவங்ககிட்டயும் சொல்லி வை. எண்ணெய், மண்ணெண்ணெய் கலந்த மருந்து சிபிவிசி மேல படக் கூடாது, நாள்பட விரிசல் விடும்.

பிளாஸ்டிக் பைப் சூட்டுக்கு நீளும். 10 மீட்டர் சிபிவிசி, 30 டிகிரி சூடு ஏறினா ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளும். பிபிஆர் அதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால நீளமான லைன்ல கிளாம்ப்பை நெரிக்காம, பைப் நகர இடம் விட்டு மாட்டணும். நடுவுல ஒரு வளைவும் கொடுக்கணும்.

பழைய வீட்டை சரி பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்னாடி நிறைய வீட்டுல எர்த் கம்பியை இரும்புத் தண்ணிக் குழாயிலயே கட்டி விட்டிருப்பாங்க. அந்தக் குழாயை எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்ட அன்னியோட எர்த் போச்சு. கீசர் ஷாக் அடிச்சு உயிரே போகும். பைப் மாத்துற அன்னிக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு தனி எர்த் போட்டுடு. இதை நாளைக்குன்னு தள்ளிப் போடாதே.

தெருவுல இருந்து வர்ற லைன்

நகராட்சித் தண்ணி நாள் முழுக்க வர்றதில்லை. தண்ணி நின்ன நேரத்துல லைன்ல அழுத்தம் இருக்காது. அப்போ எங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியில இருக்கிற தண்ணியை பைப் உள்ளே இழுக்கும். வீட்டு முன்னாடி சாக்கடைக்குள்ள மூழ்கிக் கிடக்கிற இணைப்புக் குழாயை நீயே எத்தனை தெருவுல பார்த்திருப்ப? உன் வீட்டு இணைப்பு சாக்கடையைத் தாண்டித்தான் வரணும்னா அந்த இடத்துல ஜாயிண்ட்டே இல்லாம ஒரே துண்டா, வெளியே ஒரு பெரிய பைப்பை உறையாப் போட்டுக் கொண்டு வரச் சொல்லு. தெரு லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சறது சட்டப்படியும் தப்பு, உன் வீட்டுக் குழந்தைக்கே சாக்கடையை இழுத்துக் கொடுக்கிற மாதிரி. சம்ப்புல தானா விழட்டும், அங்கே இருந்து ஏத்திக்கோ.

நம்ம பக்கத்துக்காரங்க இன்னொண்ணும் யோசிக்கணும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிக் கழிவு பாலாற்றங்கரை நிலத்தடித் தண்ணியை என்ன பண்ணிச்சுன்னு 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புல எழுதுச்சு. மாசு பண்ணவங்கதான் செலவை ஏத்துக்கணும்னு சொன்ன தீர்ப்பு அது. ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையோட கழிவு மேடு இன்னும் பேச்சுல இருக்கு. எவ்வளவு உசத்தி பைப் போட்டாலும் தண்ணியில இருக்கிற குரோமியத்தையோ உப்பையோ பைப் எடுக்காது. கொதிக்க வச்சாலும் போகாது. இன்னும் சொல்லப்போனா தோல், செருப்பு வேலைக்குப் பயன்படுற தின்னர், பசைக் கரைப்பான், பெட்ரோல் மாதிரிப் பொருள் ஊறின மண்ணுல பிளாஸ்டிக் பைப் புதைச்சா, அது பைப் சுவர் வழியாவே உள்ளே இறங்கும். எச்டிபிஇயில இது சீக்கிரம் நடக்கும். பட்டறை, ஒர்க்‌ஷாப் இருந்த மனைன்னா லைனை மண்ணுக்குள்ள விடாதே, சுவரோரம் மேலாவே கொண்டு போ.

புது போர்னா குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல தண்ணியைக் கொடுத்து சோதிச்சுடு. மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும்தான். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதுதான் ஐஎஸ் 10500 வரம்பு. உப்பு அதிகம்னு வந்தா சமையலறையில குடிதண்ணிக்குத் தனி லைன் ஒண்ணு விட்டுடு. ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு பால் வால்வு வை. உப்பு அடைச்சு டேப், கீசர் மாத்துற வேலை நம்ம ஊர்ல வந்துக்கிட்டேதான் இருக்கும், அப்போ வீடு முழுக்கத் தண்ணியை நிறுத்த வேண்டாம்.

பூசுறதுக்கு முன்னாடி

கடைசி ஜாயிண்ட் ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயணும். அப்புறம் எல்லா வாயையும் டம்மி போட்டு அடைச்சு, தண்ணி நிரப்பி, காத்தை வெளியே விட்டு, கைப்பம்ப்ல அழுத்தம் ஏத்தணும். வழக்கமா ஓடுற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. சில மணி நேரம் கழிச்சு பம்ப்போட அழுத்தம் காட்டுற முள் அதே இடத்துல நிக்கணும். கம்ப்ரசர் வச்சு காத்தால டெஸ்ட் பண்றேன்னு சொன்னா ஒத்துக்காதே, பிளாஸ்டிக் பைப் காத்து அழுத்தத்துல வெடிச்சா துண்டு தெறிச்சு ஆளையே காயப்படுத்தும். டெஸ்ட் முடிஞ்சதும் ஒவ்வொரு சுவரையும் அளக்கிற டேப்பை விரிச்சு அளவு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வை. பின்னாடி அலமாரிக்கு டிரில் போடும்போது அந்தப் போட்டோதான் உதவும். தண்ணி விட்ட முதல் நாள் எல்லா டேப்பையும் திறந்து, சொல்யூஷன் வாசம் போற வரைக்கும் ஓடவிட்ட பிறகுதான் சமையலுக்குப் பிடிக்கணும்.

மேஸ்திரி அவசரப்படுவார், பூச்சு ஆளுங்க வந்து நிக்கிறாங்கன்னு சொல்வார். அந்த முள் இறங்கலைன்னு உன் கண்ணால பார்க்கிற வரைக்கும் ஒரு கரண்டி கலவை கூட சுவர் மேல விழ விடாதே.